சங்கிலிப்பாறையில் அம்மா கேட்ட கேள்வி: சதுரகிரியை எழுதுவது பற்றி

1

மூன்று வருடங்களுக்கு முன் சதுரகிரி போய்வந்து ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். ஓர் இணைய இதழில் வந்தது. நண்பர்கள் பகிர்ந்தார்கள். "காட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போயிட்டீங்க" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வரியை மொபைலில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு வாசல்படி. அவள் பயராபீஸிலிருந்து வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகச் சரம் பின்னுகிறவள். எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் கந்தக வாசம் கொஞ்சம் மிச்சமிருக்கும். சதுரகிரிக்கு வருஷம் தவறாமல் ஆடி அமாவாசைக்கு ஏறுவாள். ஆடிக்கு முடியாவிட்டால் வேறு அமாவாசை. அவள் மலையைப் பற்றி மகன் எழுதியிருக்கிறான் என்பதால் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா நீ எந்தப் பக்கமா ஏறுன? நீ சொன்னதுல தண்ணி எங்கயுமே குறுக்க வரலயே."

தண்ணீர் இருந்தது. பாறைகளுக்கு நடுவில் வெள்ளியாக இருந்தது. தூரத்தில் இசையாக இருந்தது. பளிங்காக, கண்ணாடியாக, தியானமாக இருந்தது. குறுக்கே மட்டும் வரவில்லை. என் கட்டுரையில் தண்ணீரை நான் ஒருமுறைகூடக் கடக்கவில்லை, பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

2015 மே மாதம் அமாவாசைக்கு முந்தின நாள் மலையில் மழை பெய்து ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்தது. மலைக்குப் போயிருந்தவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அம்மா அன்றைக்கு மேலே இருந்தாள். நான் பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். டிவியில் கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துக்கொண்டு, அவள் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டு ஒரு ராத்திரி. மறுநாள் ஈரம் காயாத சேலையோடு பக்கத்துத் தெரு அக்காக்களுடன் வந்து இறங்கினாள். கயிறு கட்டித்தான் இக்கரைக்குக் கொண்டுவந்தார்களாம். அந்த ராத்திரியை அனுபவித்த நான்தான், அதே ஓடையை "மௌனத்தின் மொழி" என்று எழுதியிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டுரைக்கான விமர்சனம். என்னுடையதை மட்டும் அடித்தால் போதாது. அப்படி எழுதும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2

முதலில் ஒரு பெயர்ப் பிரச்சினை.

அந்தக் கட்டுரைக்கு முந்தின வருஷம் நண்பர்களோடு கண்டிகோட்டை போயிருந்தேன். ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணை ஆறு ஓடும் இடம். நம்ம ஊர்த் தென்பெண்ணை இல்லை. நெல்லூர்ப் பக்கம் கடலில் சேர்கிற வடபெண்ணை. செங்குத்தாகச் சிவந்த பாறைச் சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர், விளிம்பில் கோட்டை. உள்ளே மாதவராயர் கோயில், ஜாமியா மசூதி, ஒரு பெரிய தானியக் களஞ்சியம். விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட பெம்மசானி நாயக்கர்கள் ஆண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சுப் பயணியும் வைர வியாபாரியுமான தவெர்னியே அவரை அங்கே வந்து பார்த்தார்.

இணையத்தில் இந்த இடத்துக்கு ஒரே பெயர்தான்: "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்". நாங்களும் அந்தப் பெயரைத் தேடித்தான் போனோம். அங்கே டீக்கடையில் நின்றிருந்தவரிடம், "கண்டின்னா என்ன?" என்று என் நண்பன் கேட்டான். அவர் இரண்டு கையையும் எதிரெதிராக நிமிர்த்தி வைத்து நடுவில் இடைவெளியைக் காட்டினார். மலைப்பிளவு. தெலுங்கில் கண்டி என்றாலே அதுதான். ஊர்ப்பெயரிலேயே ஆற்றுப் பிளவு இருக்கிறது. பல நூறு வருஷமாக ஜனங்கள் சொல்லிவந்த பெயரை ஒதுக்கிவிட்டு, அரிசோனாவிலிருந்து ஒரு பெயரை வாங்கி மாட்டியிருக்கிறோம்.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெயரோடு பார்வையும் வருகிறது. கிராண்ட் கேன்யன் என்று நினைத்துப் போகிறவன் விளிம்பில் நின்று கீழே பார்க்கத்தான் போவான். நாங்கள் மசூதியைக் கடந்து பாறை விளிம்புக்குப் போய், போட்டோ எடுத்து, சூரியன் சாய்ந்ததும் திரும்பிவிட்டோம். மேல்கையில் கட்டிய நீர்த்தேக்கத்தில் 2020-இல் மூழ்கிய ஊர்களின் ஜனங்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் களஞ்சியத்தில் நிரப்பிய தானியம் எந்த வயலில் விளைந்தது என்றும் கேட்கவில்லை. விளிம்பில் நிற்கிறவனுக்கு அந்தக் கேள்விகள் தோன்றுவதில்லை.

கண்டிகோட்டையிலிருந்து கொண்டுவந்த இந்தக் கண்ணோடுதான் அடுத்த வருஷம் தாணிப்பாறைக்குப் போனேன். தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பழைய இலக்கியத்தில் விடர் உண்டு. கொடைக்கானல் மலையில் கெவி என்பார்கள். வெள்ளகவி என்று ஊரே இருக்கிறது. ஆற்றுக்குள் ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் கசம் என்போம். "அங்கன கசம் இருக்கு, எறங்காத" என்றால் அது ஒரு நிலவியல் குறிப்பு, ஓர் எச்சரிக்கை, அநேகமாக ஒரு சாவின் நினைவு. மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. என் கட்டுரையில் கசம் என்ற சொல் இல்லை. "ஆழ்ந்த நீலத் தடாகம்" இருந்தது.

3

வத்றாப்பு பஸ் ஸ்டாண்டிலும் தாணிப்பாறை அடிவாரத்திலும் சின்னச் சின்னப் புத்தகங்கள் கிடைக்கும். மஞ்சள் அட்டை, மங்கிய அச்சு. அச்சடித்தது எங்கள் சிவகாசியாகவே இருக்கலாம். சதுரகிரியின் மகிமை, சித்தர்கள், மூலிகைகள். இரவில் ஒளிவிடும் மரம், எதைப் போட்டாலும் கல்லாக்கும் உதகநீர், காலாங்கிநாதர் பொன் செய்வதற்காக உண்டாக்கிய தைலக்கிணறு. படித்த நம்மைப் போன்றவர்கள் இந்தப் புத்தகங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். நானும் என் கட்டுரையில் ஒரு பத்தி சிரித்திருந்தேன்.

ஆனால் இது பழைய வகை எழுத்து. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை நினைத்துப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். அவன் வழி சொல்கிறான். வலப்பக்கம் போனால் இது, இடப்பக்கம் போனால் அது. இடப்பக்கப் பாதையில் திருமால் குன்றம். அங்கே ஒரு பிலத்து வழி, மூன்று பொய்கைகள். ஒன்றில் குளித்தால் இந்திரன் செய்த இலக்கணம் விளங்கும், இன்னொன்றில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். அடிவாரத்து மஞ்சள் அட்டைப் புத்தகத்தின் முப்பாட்டன் இந்த மறையோன்தான்.

இளங்கோ அவனைக் கிண்டல் செய்யவில்லை. அவன் பேச்சை முழுசாகப் பேச விடுகிறார். பிறகு கவுந்தி பதில் சொல்கிறார்: அந்த இலக்கணம் எங்கள் ஆகமத்திலேயே இருக்கிறது, போன பிறப்பில் செய்தது இந்தப் பிறப்பிலேயே தெரிகிறதே, ஒழுக்கத்தோடு வாழ்கிறவருக்குக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது? நீங்கள் உங்கள் வழியில் போங்கள், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம். அற்புதத்தை மறுக்கிறார், அதைச் சொன்னவனை அவமதிக்கவில்லை. அதற்குப் பிறகும் நடை இருக்கிறது. அடுத்த காதை தொடங்கும்போது கண்ணகியின் பாதம் நொந்துபோயிருக்கிறது, ஐயை கோட்டத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள்.

தமிழில் எழுதப்பட்ட நல்ல பயண எழுத்துக்கு இந்தப் பகுதியைத்தான் அளவுகோலாக வைப்பேன். இதில் கதை கேட்கும் காது, கதையை ஏற்காத அறிவு, வலிக்கிற கால் மூன்றும் இருக்கின்றன. வேனிலில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்ற புகழ்பெற்ற விளக்கமும் இதே காதையில்தான் வருகிறது. நிலம் ஒரே மாதிரி இருக்காது, எந்த மாதத்தில் போகிறாய் என்பதைப் பொறுத்து அது வேறு நிலம். மாசியில் சங்கிலிப்பாறை ஓடை வெறும் உருண்டைக் கற்கள். ஐப்பசியில் அதே இடத்தில் வனத்துறை ஆளை விடாது.

என் கட்டுரையில் மாதமே இல்லை. "ஒரு விடியற்காலை" என்று தொடங்கியிருந்தேன்.

மஞ்சள் அட்டைப் புத்தகத்துக்கும் என் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம்? அது தைலக்கிணற்றைக் காட்டியது, நான் மௌனத்தைக் காட்டினேன். அது பொன் கிடைக்கும் என்றது, நான் அமைதி கிடைக்கும் என்றேன். இரண்டும் போனால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிற எழுத்துதான். ஒரு விஷயத்தில் அந்தப் புத்தகம் என்னைவிட மேல். அதில் ராஜகாளியம்மன் கோயில், மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று இடங்கள் பெயரோடு வருகின்றன. நடந்தவர்கள் வைத்த பெயர்கள். வழுக்குப்பாறை என்றால் அங்கே வழுக்கும். சங்கிலிப்பாறை என்றால் சங்கிலியைப் பிடித்துத்தான் தாண்ட வேண்டும். அம்மா கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பெயர்களில் இருந்தது. நான் அவற்றை அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

4

இன்னொரு வகை எழுத்து அடிவாரத்தில் பச்சைப் பலகையில் இருக்கிறது. பிளாஸ்டிக் கூடாது, தீ மூட்டக்கூடாது, இத்தனை மணிக்குமேல் அனுமதி இல்லை. அதை நாம் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ஆனால் சதுரகிரியைப் பற்றி அதிகம் பேர் வாசித்த பிரதி அதுதான்.

அதன் பின்னால் இருக்கிற விஷயம் சின்னதில்லை. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமானது. 2021-இல் அதுவும் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின, தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கே வைகையின் தலை, கிழக்கே எங்கள் ஓடைகள். அணிலுக்கு வேண்டியது மரத்தின் உச்சியும் பக்கத்து மரத்தின் உச்சியும் தொட்டுக்கொண்டிருப்பது. ஓடைக்கரை மரங்கள் அப்படித்தான் நிற்கும். ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் ஏறுகிற பாதையும் அதே ஓடைக்கரைதான். பலகையில் இருக்கிற கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஊரோடு சேர்ந்து வனத்துறையைத் திட்டுவது எளிது. 2015-க்குப் பிறகு, மழை அறிகுறி தெரிந்ததும் பாதையை அடைக்கிறார்களே என்று அம்மாகூடத் திட்டுவதில்லை.

இருந்தாலும் பலகைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அதைக் காட்டுவதற்கு மலைமேல் இருக்கிற கதையே போதும்.

சுந்தரமகாலிங்கம் கதையின் நாயகன் பச்சைமால் என்கிற மாடு மேய்ப்பவன். அவனுடைய பசு ஒன்றின் பாலைத் துறவி ஒருவர் காட்டுக்குள் குடித்துக்கொண்டிருந்தார். அவன் பார்த்துவிட்டுக் கம்பால் அடித்தான். அடிபட்டவர் சிவன். லிங்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்பார்கள். கதையை அற்புதமாகப் படிக்காமல் நிலத்தின் ஆவணமாகப் படித்துப் பாருங்கள். கோயில் உண்டானது மேய்ச்சலில். மாடு ஓட்டிக்கொண்டு மலைக்குள் போனவனுக்குத்தான் சாமி தென்பட்டது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதே மாதத்தில், தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. வழக்கு மேகமலைப் பக்கத்து மலைமாடுகளைப் பற்றியது. காட்டு மாட்டுக்கும் மானுக்கும் நாட்டு மாட்டிலிருந்து நோய் பரவும், இளங்கன்றுகள் மிதிபடும் என்ற வாதங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பச்சைமால் உயிரோடு இருந்தால் தாணிப்பாறை கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவான். அவன் அடித்த லிங்கத்தைக் கும்பிட வருகிறவர்களுக்கு அனுமதி உண்டு. பண்பாட்டுப் பாரம்பரியம் என்று சொல்லும்போது நாம் காப்பாற்றுவது கதையையா, கதையை உண்டாக்கிய வாழ்க்கையையா? பலகை இந்தக் கேள்வியைக் கேட்காது, அது அதன் வேலையும் இல்லை. கேட்க வேண்டியது இலக்கியம். நாம் கேட்டோமா?

அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. தேன், கிழங்கு, மூலிகை, பாதை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த காடு. 2006-இன் வன உரிமைச் சட்டம் காகிதத்தில் அவர்களுக்குப் பலதைத் தருகிறது. சதுரகிரி பற்றிய பயண எழுத்துகளில் பளியர்கள் எப்படி வருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சுமை தூக்குகிறவர், வழி காட்டுகிறவர், "கள்ளமில்லாச் சிரிப்பு". என் கட்டுரையிலும் அந்தச் சிரிப்பு இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் என்னிடம் சிரித்தது உண்மை. எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை. ஓடைக்கல்லில் ஷூ போட்டு வந்து வழுக்கி விழுந்த பட்டணத்து ஆளைப் பார்த்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்.

நாம் பெயர் கடன் வாங்கிய அந்த கிராண்ட் கேன்யனிலும் இதே கதைதான். 1919-இல் அது தேசியப் பூங்காவானது, 1979-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஹவாசுபாய் என்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்கள் வேட்டையாடி விவசாயம் பார்த்த நிலம் பெரும்பாலும் பறிக்கப்பட்டு, ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 1975-இல் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. உள்ளே அவர்கள் பயிர் செய்த ஓரிடத்துக்கு "இந்தியன் கார்டன்" என்று பெயர் வைத்திருந்ததை மாற்றி, அவர்கள் பெயரையே 2022-இல் வைத்தார்கள். உலகமே விளிம்பில் நின்று போட்டோ எடுத்த அத்தனை வருஷமும் கீழே ஆட்கள் இருந்தார்கள். கடன் வாங்கியதுதான் வாங்கினோம், இந்தப் பகுதியையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

5

கரிசல் இலக்கியம் இதற்கு என்ன செய்திருக்கிறது?

எங்கள் ஊரில் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை நீலமாகத் தெரியும். கரிசல் எழுத்தில் மலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, தொலைவில். அதற்குக் காரணம் உண்டு. கரிசல்காரனின் கண் வானத்தையும் கண்மாயையும் பார்த்தே பழகியது. சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயை வைத்து ஓர் ஊரின் வாழ்க்கையை முழுசாகச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் அங்கே காட்சியாக வரவில்லை. முறை, மடை, சண்டை, மீன், தெய்வம் என்று வருகிறது. பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்துவிட்டு ஒளிந்து திரிகிற சிறுவனும் அவன் அய்யாவும் காட்டையும் கரட்டையும் பார்க்கிற விதம் இன்னும் எனக்கு வியப்பு. எங்கே தண்ணீர், எங்கே மறைப்பு, எதைத் தின்னலாம். ஒளிந்திருப்பவனுக்கு நிலம் அழகாகத் தெரிய நேரமில்லை. ஆனாலும் வாசிக்கிற நமக்கு அந்த நிலம் முழுசாகக் கிடைக்கிறது.

இந்த இரண்டு நாவலும் வெளியாகி நம் கைக்கு வந்த பிறகும், மலைக்குப் போனதும் நாம் அவற்றை மறந்துவிடுகிறோம். கரிசலை எழுதும்போது வேலை, பசி, தண்ணீர் என்று எழுதுகிறவர்கள் மலையை எழுதும்போது மௌனம், பிரபஞ்சம், நான் யார் என்று எழுதுகிறோம். ஏதோ மலை வேறு கிரகத்தில் இருப்பதுபோல.

தொல்காப்பியர் நிலத்தைப் பிரித்தபோது முதல், கரு, உரி என்றார். நிலமும் பொழுதும் முதல். கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை இவற்றோடு செய்தி என்ற ஒன்றும் உண்டு. செய்தி என்றால் தொழில். அங்கே வாழ்கிறவன் என்ன வேலை செய்கிறான் என்பது நிலத்தின் பகுதி. நம் பயண எழுத்தில் தெய்வம் உண்டு, மரம் உண்டு, பறவை ஏராளம். தொழில் காணோம். எழுதுகிறவன் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான், அதனால் மலையும் லீவில் இருக்கிறது.

எங்கள் தொழிலுக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவையே நான் ரொம்ப நாள் யோசித்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை அந்த மலைச்சுவர் கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது வறண்ட காற்று. கரிசல் வானம் பார்த்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம். அந்த வறட்சியில் விவசாயம் பொய்த்த ஊரில்தான், காயப்போட்டால் காய்கிற வெயிலை நம்பித் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. எந்த மலை எங்களைப் பயராபீஸுக்கு அனுப்பியதோ, அந்த மலையைக் கும்பிடத்தான் அம்மா லீவு போட்டுவிட்டு ஏறுகிறாள். மழை பெய்தால் மருந்து காயாது, வேலை இல்லை, கூலி இல்லை. மழை பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தச் சிக்கலோடு அந்த ஓடையைப் பார்க்கிற கண் அவளுடையது. அதைவிட்டுவிட்டு நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓடைகள் மலையோடு முடிவதில்லை. வத்றாப்புப் பக்கத்துக் கண்மாய்களையும் வயல்களையும் தொட்டு அர்ச்சுனா நதியாகி, திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் ஆனைக்குட்டம் அணையில் தேங்கி, இருக்கன்குடியில் மாரியம்மன் கோயிலை ஒட்டி வைப்பாற்றோடு சேர்கிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வழியில் பெரும்பாலும் அது மணல், சீமைக்கருவேலம், சாக்கடை. மேலே பாதுகாக்கப்பட்ட ஆறு, கீழே யாரும் ஆறு என்றே சொல்லாத ஆறு. மேலே போய் வியக்கிற நாம் கீழே பாலத்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஒரே தண்ணீர்தான். சதுரகிரியைப் பற்றி எழுதப்போகிற அடுத்த ஆள் இருக்கன்குடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எழுதினால் நான் முதல் வாசகனாக இருப்பேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "எல்லாவற்றிலும் தொழிலும் அரசியலும்தான் வேண்டுமா? மலைக்குப் போனவன் அழகைப் பற்றி எழுதக்கூடாதா?" எழுதலாம். எனக்கும் அந்த விடியற்காலை பிடித்திருந்தது, அது பொய்யில்லை. என் புகார் அழகு இருந்ததில் இல்லை. அங்கே நடக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, அந்தத் தண்ணீர் ஆளைக் கொல்லும் என்பது, என் அழகில் இல்லை. அதுவும் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் இன்னும் அழகாக இருந்திருக்கும். கசம் தெரியாத நீலம் பெயின்ட் மாதிரி.

6

போன வருஷம் அம்மாவோடு போனேன். முட்டி வலி, ஆடிக் கூட்டத்தில் முடியாது என்று ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள். அவளுடைய பயராபீஸ் சிநேகிதிகள் நாலு பேர், ஒரு தூக்குவாளிப் புளிசாதம், ஆளுக்கொரு கம்பு. நான் நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகவில்லை.

சங்கிலிப்பாறை வந்தது. முழங்காலுக்குக் கீழே தெளிவாகத் தண்ணீர் ஓடியது. நான் நேராக இறங்கப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். எதிர்ப்பக்கப் பாறையைக் காட்டினாள். ஆள் உயரத்துக்கு மேலே பாறை இடுக்கில் காய்ந்த சருகும் ஒரு கிழிந்த துணியும் சிக்கியிருந்தன.

"அந்த மட்டுக்கு வந்திருக்கு பாரு. எப்பவும் முதல்ல அதத்தான் பாக்கணும். அப்புறம் மேல மலையப் பாக்கணும், இருட்டிக்கிட்டு இருக்கான்னு. இங்க வெயில் அடிக்குதுன்னு எறங்கிரக் கூடாது. தண்ணி கலங்குச்சுன்னா, சருகு மெதந்து வந்துச்சுன்னா, எந்தப் பக்கம் நிக்கியோ அந்தப் பக்கமே மேட்டுக்கு ஏறிரணும்."

"அன்னைக்கு நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"நாங்க பாத்தோம். முன்னால போனவங்க பாக்கல." அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சிநேகிதிகளில் ஒரு அக்கா ஓடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அது சாமிக்கா, தண்ணீருக்கா, அன்றைக்குப் போனவர்களுக்கா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் அம்மாவின் கம்பு நுனி. தண்ணீர் சில்லென்று இருந்தது. அக்கரைக்குப் போனதும் பழைய கட்டுரையை இதழிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதை வாசித்துவிட்டுப் போகிறவர்கள் இதையும் வாசிக்கட்டும்: எதிர்ப்பாறையில் சருகு எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு மேலே மலையை. இரண்டையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.